பேர் எடுத்த வண்டிகள்

ஆஸ்திரேலியாவில் நிஸான் பேட்ரோல் ஓட்டுகிறவர்களிடம் “வண்டி எப்படி?” என்று கேட்டால் நேரடியாகப் பதில் வராது. “எந்த எஞ்சின்?” என்று திருப்பிக் கேட்பார்கள். டிடி42 என்றால் முகம் மலரும். 4.2 லிட்டர், 6 சிலிண்டர், எதற்கும் அவசரப்படாத பழைய டீசல். மெதுவாகப் போகும், ஆனால் போய்ச் சேர்ந்துவிடும். இசட்டி30 என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். 3 லிட்டர், 4 சிலிண்டர், டர்போ. ஒய்61 பேட்ரோலுக்கு 1990களின் கடைசியில் வந்த புது எஞ்சின். பிஸ்டன் உருகி நடுவழியில் செத்துப்போன எஞ்சின்கள் அதில் ஏராளம் என்பதால் ‘கையெறிகுண்டு’ என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே வண்டிதான். அதே சேஸிஸ், அதே ஆக்ஸில், முன்னால் அதே நிஸான் முத்திரை.

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளைப் பற்றி ரசிகர்கள் போடும் சண்டைகளைக் கொஞ்ச நாள் உட்கார்ந்து கேட்டால் ஒன்று பிடிபடும். ஊரார் வாயில் பேர் இருப்பது முத்திரைக்கு. சமாச்சாரம் இருப்பதோ எஞ்சின் குறியீட்டிலும், தயாரான வருஷத்திலும், வண்டி ஓடிய மண்ணிலும், அதைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்கிடமும். இது ரசிகர்களுக்கே நன்றாகத் தெரியும். தெரிந்தும் முத்திரைக்காகத்தான் அடித்துக்கொள்கிறார்கள். ஒரு வண்டிக்கு நல்ல பேரோ கெட்ட பேரோ எங்கிருந்து வருகிறது, அதில் எவ்வளவு நம்பலாம் என்பதே இங்கே கேள்வி.

இந்தச் சண்டைகளில் மூத்தது லேண்ட் ரோவருக்கும் லேண்ட் குரூசருக்கும் நடப்பது. ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ் 1947-ல் வேல்ஸின் ஆங்கில்சி தீவுக் கடற்கரை மணலில் படம் வரைந்து காட்டியதாகச் சொல்லப்படும் வண்டி, 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. போர் முடிந்த இங்கிலாந்தில் எஃகுக்கு ரேஷன். அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். ‘துருவே பிடிக்காத வண்டி’ என்ற பேர் அந்தத் தட்டுப்பாடு தந்த வரம். அதிலும் பாதிதான் உண்மை. உடம்பு அலுமினியம் என்றாலும் சேஸிஸ் எஃகு. ஈர நாட்டில் ஓடிய பழைய லேண்ட் ரோவர்களில் மேலே தகடு பளபளக்கும். கீழே சேஸிஸின் பின்பகுதி கையால் அழுத்தினாலே உதிரும். அலுமினியமும் எஃகும் ஒட்டும் இடங்களில் ஈரம் பட்டால் அலுமினியமும் அரித்துப்போகும்.

ஆஸ்திரேலியாவின் உட்பகுதிகளில் 1950களில் லேண்ட் ரோவர் வைத்ததுதான் சட்டம். அதை அசைத்தது ஸ்னோயி மலைத் திட்டம். 1949-ல் தொடங்கி 1974 வரை நடந்த பிரம்மாண்டமான நீர்மின் திட்டம் அது. அதில் ஒப்பந்தக்காரராக இருந்த லெஸ்லி தீஸ், 1950களின் இறுதியில் ஜப்பானிலிருந்து லேண்ட் குரூசர்களை இறக்கினார். போர் முடிந்து 15 வருஷம்கூட ஆகாத நேரம். ஜப்பான் பொருள் என்றாலே முகம் சுளித்த நாடு. ஆனால் சரிவில் சுமையோடு ஏறும்போது கணக்கு வேறு மாதிரி இருந்தது. டொயோட்டாவின் எஃப் எஞ்சின் 3.9 லிட்டர், 6 சிலிண்டர். அக்காலத்து லேண்ட் ரோவரின் பெட்ரோல் எஞ்சின் 2.25 லிட்டர், 4 சிலிண்டர். போதாக்குறைக்கு லேண்ட் ரோவரின் பின்பக்க ஆக்ஸில் ஷாஃப்ட் பாரத்தில் முறிவதில் பேர்போனது. பழைய சீரீஸ் வண்டி வைத்திருந்தவர்கள் பலர் ஒரு ஷாஃப்டைக் கையோடு எடுத்துக்கொண்டே காட்டுக்குள் போனார்கள். உட்காட்டுக்குப் போக லேண்ட் ரோவர், திரும்பி வர லேண்ட் குரூசர் என்ற ஆஸ்திரேலியச் சொலவடைக்குப் பின்னால் இருப்பது இந்த எஞ்சினும் இந்த ஷாஃப்டும்தான்.

ஆனால் அதோடு கதை முடியவில்லை. லேண்ட் ரோவரின் பேர் கெட்டதில் பொறியியலுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு கம்பெனிக் கணக்குக்கும் உண்டு. 1968-ல் அது பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெரிய கூட்டுக்குள் போனது. 1975-ல் அரசு அந்தக் கூட்டையே எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. லேண்ட் ரோவர் சம்பாதித்த பணம் நஷ்டத்தில் ஓடிய மற்ற கார்களுக்குப் போனது, வேலைநிறுத்தங்கள் வேறு. தூரதேசங்களில் உதிரிபாகத்துக்குக் காத்திருந்தவர்கள் அந்த இடைவெளியில் டொயோட்டா ஏஜென்ட்டின் கதவைத் தட்டினார்கள். பின்னாளில் வந்த 300டிடிஐ போன்ற நல்ல டீசல் எஞ்சின்கள், ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவன் எவனும் கழற்றி மாட்டிவிடலாம் என்ற அளவுக்கு எளிமையானவை. ஆனால் அதற்குள் பேர் கைவிட்டுப் போயிருந்தது. ஆயில் ஒழுகவில்லை என்றால் உள்ளே ஆயிலே இல்லை என்று அர்த்தம் என்ற கிண்டலை லேண்ட் ரோவர்க்காரர்கள்தான் அதிகம் சொல்லிச் சிரிக்கிறார்கள். 2016 ஜனவரி 29 அன்று சோலிஹல் ஆலையில் கடைசிப் பழைய டிஃபெண்டர் இறங்கியபோது அதே ஆட்கள் கண் கலங்கினார்கள்.

எதிர்ப்பக்கம் டொயோட்டாவும் மாசு மறுவற்றது அல்ல. இங்கேதான் எனக்கு விஷயம் சுவைக்கிறது.

1980களின் டொயோட்டா பிக்கப், 4ரன்னர் வண்டிகளில் வந்த 22ஆர் வகை 2.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சினை அமெரிக்க ரசிகர்கள் சாகாவரம் பெற்றது என்பார்கள். அதைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்குக்கு அதற்குள் இருக்கும் எமன் தெரியும். 1980களின் தொடக்கத்தில் அதன் டைமிங் செயினை இரட்டை வரிசையிலிருந்து ஒற்றை வரிசையாக்கி, செயினைத் தாங்கும் கைடுகளை பிளாஸ்டிக்கில் போட்டார்கள். வருஷங்கள் போகப் போகச் சூட்டில் பிளாஸ்டிக் மொறுமொறுத்து உடையும். தாங்கல் போன செயின் ஆடி ஆடி அலுமினிய டைமிங் கவரின் உள்சுவரை அறுக்க ஆரம்பிக்கும். அந்தச் சுவருக்கு அந்தப்புறம் கூலன்ட் ஓடும் வழி. சுவர் அறுந்த அன்று தண்ணீர் ஆயிலில் கலக்கும். கலந்தது தெரியாமல் ஓட்டினால் பேரிங்குகள் அத்தோடு சரி. இதற்கு முன்னறிவிப்பும் உண்டு. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்திலிருந்து சில நொடிகள் மட்டும் கரகரவென்று ஒரு சத்தம். அதைக் காதில் வாங்கியவன் எஃகு முதுகுள்ள கைடு வாங்கிப் போட்டு இன்னும் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட்டினான். வாங்காதவன் எஞ்சினையே மாற்றினான். ‘சாகாவரம்’ என்ற பேரை எழுதியது முதல் ஆள்.

இதே குடும்பத்து வண்டிகளில் 1980களின் கடைசியில் வந்த 3 லிட்டர் வி6 எஞ்சின் ஹெட் காஸ்கெட் தின்னும். 80 சீரீஸ் லேண்ட் குரூசரின் ஆரம்பகால 1எச்டி-டி டர்போ டீசலில் பிக்-எண்ட் பேரிங் சீக்கிரம் தேயும். விவரம் தெரிந்தவர்கள் அந்த வண்டியை வாங்கியதும் முதல் வேலையாக அதை மாற்றிவிடுவார்கள். கேட்டுப் பாருங்கள், “அந்த ஒரு வருஷ எஞ்சின் மட்டும்தான் அப்படி” என்பார்கள். லேண்ட் ரோவரில் இதே கோளாறு வந்திருந்தால் “அது அப்படித்தான்” என்றிருப்பார்கள். நல்ல பேர் எடுத்த வண்டியின் குற்றம் விதிவிலக்காகிவிடுகிறது. கெட்ட பேர் எடுத்ததன் குற்றம் சாட்சியாகிவிடுகிறது. பேர் ஒருமுறை உறைந்துவிட்டால், புதிதாக வரும் செய்தியெல்லாம் அந்த அச்சில்தான் வார்க்கப்படுகிறது.

இதற்குப் பெரிய சோதனை சேஸிஸ் துரு. அமெரிக்காவில் விற்ற 1995 முதல் 2000 வரையிலான டொயோட்டா டக்கோமா பிக்கப்புகளில் சேஸிஸ் அரித்து ஓட்டை விழுந்தது. பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் வட மாநிலங்களில்தான் இது அதிகம். பட்டறைகளில் சேஸிஸை நெடுகச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் இரும்பு இருக்கிறது. மொத்தென்றால் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினாலே உள்ளே இறங்கும். 2008-ல் டொயோட்டா இந்த வண்டிகளுக்குத் துரு உத்தரவாதத்தை நீட்டித்தது. மோசமாக அரித்தவற்றைச் சந்தை மதிப்பைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்பவும் வாங்கிக்கொண்டது. பிந்தைய டக்கோமா, டன்ட்ரா, செக்கோயா வண்டிகளுக்கும் அதே புகார் எழுந்து, 2016-ல் சுமார் 15 லட்சம் வண்டிகளுக்கான சமரசத்தில் முடிந்தது. அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை போகலாம் என்று அப்போது கணக்கிட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் பழைய டக்கோமாவின் விலை இறங்கவில்லை. உப்பு காணாத அரிசோனா பக்கத்து வண்டியா என்று மட்டும் விசாரித்துவிட்டு, கேட்ட விலையைக் கொடுக்கிறார்கள்.

அதே அமெரிக்காவில் இன்னொரு வண்டிக்கு இந்தக் கருணையில் துளியும் கிடைக்கவில்லை. சுசுகி சாமுராய் 1985-ல் அங்கே இறங்கியது. விலை மலிவு, உருவம் சிறிது, கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கொள்ளைப் பிரியம். 1987-ல் சுமார் 80,000 விற்றது. 1988-ல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை, திடீரென்று திருப்பினால் கவிழ்கிறது என்று சொல்லி ‘ஏற்கத்தகாதது’ என்ற முத்திரையைக் குத்தியது. சக்கரம் தரையை விட்டு எழும் படம் தொலைக்காட்சியில் வீட்டுக்கு வீடு ஓடியது. இரண்டே வருஷத்தில் விற்பனை சில ஆயிரங்களாகச் சுருங்கியது. 1995-ல் வண்டியே அந்தச் சந்தையை விட்டுப் போய்விட்டது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு அந்தச் சோதனையை ஆதாரமாக ஏற்று வண்டிகளைத் திரும்ப அழைக்க மறுத்தது. சோதனை ஜோடிக்கப்பட்டது என்று சுசுகி 1996-ல் தொடுத்த வழக்கு 2004-ல் பணம் கைமாறாத சமரசத்தில் முடிந்தது. தன் வாசகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கலாம் என்ற அளவுக்குப் பத்திரிகை இறங்கி வந்தது. அதற்குள் 16 வருஷம் ஓடிவிட்டது.

இந்தியாவில் அதே சுசுகி குடும்பத்து வண்டிக்கு ஜிப்ஸி என்று பேர். மாருதி 1985-ல் கொண்டுவந்த ஜிப்ஸி, 970 சிசி எஞ்சினோடு தொடங்கி 1990களில் 1.3 லிட்டருக்கு மாறி, 30 வருஷத்துக்கு மேல் ஓடியது. ராணுவம், போலீஸ், வனத்துறை, ரெய்டு த ஹிமாலயா பந்தயம் என்று போகாத இடமில்லை. அதைப் பற்றி இங்கே இருந்த புகார்கள் வேறு: பெட்ரோலைக் குடிக்கிறது, லீஃப் ஸ்பிரிங் முதுகை ஒடிக்கிறது, பின்னால் பக்கவாட்டு பெஞ்சில் உட்கார்ந்தால் குடல் வாய்க்கு வருகிறது. கவிழும் வண்டி என்று யாரும் பேர் வைக்கவில்லை. இதில் நியாயமான காரணமும் உண்டு. ஜிப்ஸி நீளமான வீல்பேஸ் உள்ளது, அமெரிக்க சாமுராய் குட்டை. இங்கே ஓட்டிய வேகம் வேறு, ஓட்டிய ஆட்களும் வேறு. தாழ்ந்த காரிலிருந்து இறங்கி நேராக உயரமான குட்டை வண்டியில் ஏறி, நெடுஞ்சாலையில் 100-ஐத் தாண்டிப் போகும் கல்லூரிப் பையன் அல்ல ஜிப்ஸியின் டிரைவர். ஆக, குட்டையும் உயரமுமான எந்த வண்டியையும் சட்டென்று திருப்பினால் கவிழும் என்ற பொது உண்மை, ஒரு வண்டியின் தனிக் குற்றமாக எழுதப்பட்டுவிட்டது. மாற்றியமைத்த ஒரு சாமுராய் 2007-ல் சிலி நாட்டில் ஓஹோஸ் தெல் சலாதோ மலையில் 6,688 மீட்டர் உயரம் வரை ஏறியதை அந்த ரசிகர்கள் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும், அடிபட்டவர்கள்.

தொலைக்காட்சி ஒரு வண்டியைக் கவிழ்த்ததுபோல இன்னொன்றைத் தூக்கியும் விட்டது. பிபிசியின் டாப் கியர் நிகழ்ச்சி 2003-ல் ஒரு 1988 ஹைலக்ஸ் டீசல் பிக்கப்பைக் குறைந்த விலைக்கு வாங்கி, கடல் ஏற்றத்தில் மூழ்கவிட்டு, தீ வைத்து, கடைசியில் இடிக்கப்போகும் அடுக்குமாடியின் உச்சியில் நிறுத்திக் கட்டடத்தோடு சேர்த்துத் தகர்த்தது. சாதாரணக் கருவிகளோடு மெக்கானிக் உட்கார்ந்தார், வண்டி ஓடியது. பார்க்க அருமையாகத்தான் இருந்தது. ஆனால் அது ஒரே ஒரு வண்டி. பக்கத்தில் வேறு கம்பெனி பிக்கப் ஒன்றை நிறுத்தி அதே பாடு படுத்தவில்லை. எளிமையான பழைய டீசல் எஞ்சின் எதுவாக இருந்தாலும் அந்தக் கடல்நீரைத் தாங்கியிருக்குமா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

1987-ல் சாட் நாட்டுப் படை டொயோட்டா பிக்கப்புகளில் போய் லிபியாவின் டாங்கிகளை நொறுக்கியதால் அந்தச் சண்டைக்கே ‘டொயோட்டா போர்’ என்று பேர் வந்தது. வண்டிக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடைக்காது. ஜெயித்ததில் அதன் மேல் ஏற்றியிருந்த மிலான் ஏவுகணைக்கும், வானத்தில் காவலிருந்த பிரான்சுக்கும், பாலைவனம் தெரிந்த போராளிகளுக்கும் பங்கு உண்டு. பேர் வண்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

சாடில் டொயோட்டா எப்படி அத்தனை இருந்தது என்பதைத்தான் கேட்க வேண்டும். லேண்ட் குரூசருக்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் பேரில் பாதி இரும்பில் இல்லை, கிட்டங்கியில் இருக்கிறது. ஐ.நா. அமைப்புகளும் நிவாரண நிறுவனங்களும் பல பத்தாண்டுகளாக ஒரே மாதிரி வண்டியை வாங்குகின்றன; அவற்றுக்கென்றே வண்டி அனுப்பும் நிறுவனம் ஜிப்ரால்டரில் இருக்கிறது. எங்கும் அதே 1எச்இசட் எஞ்சின்: 4.2 லிட்டர், டர்போ இல்லை, மின்னணு மூளை இல்லை, அழுக்கு டீசலுக்கும் அசராது. எல்லா ஊரிலும் அதே வண்டி நிற்பதால் எல்லா ஊர் மெக்கானிக்குக்கும் அது மனப்பாடம். எல்லாருக்கும் தெரிந்ததால் பில்டரும் சீலும் சந்தைக் கடையில் கிடைக்கிறது. கிடைப்பதால் வண்டி நிற்காமல் ஓடுகிறது. ஓடுவதால் அடுத்த வருஷமும் அதையே வாங்குகிறார்கள். இந்தச் சக்கரத்துக்குள் நுழைய முடியாத வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒரு சாதாரண சீலுக்காக மூன்று வாரம் நின்று கெட்ட பேர் வாங்கும்.

நம் பக்கத்தில் இதற்குச் சாட்சி மேற்குத்தொடர்ச்சி மலை. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குக் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் வண்டி ஏற முடியும். பாறையும் பள்ளமுமான அந்தத் தடத்தில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போவது பழைய மகிந்திரா ஜீப்புகள். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போவதும் அதே ஜாதி வண்டிகள். 1947-ல் வில்லிஸ் ஜீப்பைக் கோத்து விற்க ஆரம்பித்த கம்பெனி, அந்தப் பழைய அச்சையே பல பத்தாண்டுகள் நீட்டித்தது. உள்ளே ஒரு காலத்தில் பியூஜோ உரிமத்தில் செய்த 2.1 லிட்டர் டீசல். இன்னொரு காலத்தில் டிராக்டர் வம்சத்து 2.5 லிட்டர் எம்டிஐ. உலக ரசிகர்கள் லேண்ட் குரூசரைப் போற்றும் வார்த்தைகளில் யாரும் இவற்றைப் போற்றுவதில்லை. கியர் இறுகும், ஸ்டியரிங் ஆடும், ஆயில் கசியும். ஆனால் ஸ்பிரிங்கின் மெயின் பிளேட் ஒடிந்தால் அன்று சாயங்காலத்துக்குள் போடியிலோ கம்பத்திலோ மாற்றிவிடலாம். வெல்டிங் பட்டறையும் லேத்தும் கூப்பிடும் தூரத்தில். மலைக்காரர்கள் பார்ப்பது அதைத்தான்.

இதற்கு நேரெதிர் ஜோங்கா. நிஸான் பேட்ரோலின் பழைய வடிவத்தை ஜபல்பூர் ராணுவ ஆலையில் 1969 முதல் 1999 வரை செய்தார்கள். 4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், அசுர பலம். ராணுவம் கழித்துக்கட்டி ஏலத்தில் விட்டபோது ஆசையோடு எடுத்தவர்கள் அதன் பெட்ரோல் தாகத்தையும் உதிரிபாகப் பஞ்சத்தையும் தாங்க முடியாமல் வேறு டீசல் எஞ்சினைப் போட்டு ஓட்டினார்கள். 2019-ல் தோனி ஒன்றை ராஞ்சியில் ஓட்டிப் போன படம் வந்த பிறகு ஜோங்காவுக்கு மறுபடி மவுசு. தல வைத்திருப்பதால் பாகம் கிடைத்துவிடாது.

பேர் விஷயத்தில் ரசிகர்கள் அடிக்கடி கோட்டை விடுவது பாதுகாப்பில். “அந்தக் கால இரும்பு, மோதினாலும் ஒன்றும் ஆகாது” என்ற பேச்சை எல்லா நாட்டிலும் கேட்கலாம். வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்பது ஓரளவு சரி. நசுங்காத சேஸிஸ் மோதலின் வேகத்தைத் தான் வாங்காமல் உள்ளே இருப்பவனின் நெஞ்சுக்கும் கழுத்துக்கும் அப்படியே கடத்துகிறது. புது வண்டியின் முன்பகுதி அப்பளமாக நொறுங்குவதே அந்த வேகத்தைத் தின்பதற்காகத்தான். பழைய டிஃபெண்டரிலும் ஜிப்ஸியிலும் காற்றுப்பை கிடையாது. பல பழைய ஜீப்புகளில் பின்னால் இருப்பவர்களுக்கு பெல்ட்டே கிடையாது. 2020-ல் வந்த மகிந்திராவின் புது தார், குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 4 நட்சத்திரம் வாங்கியது. “பிளாஸ்டிக் வண்டி” என்று அதைப் பழித்தவர்களில் பலர் ஓட்டிய பழைய ஜீப்புகளில் மோதலைத் தின்னவென்று அமைத்த பாகம் ஒன்றுகூட இல்லை. மேட்டில் ஏறும் பலமும் மோதலில் ஆளைக் காக்கும் பலமும் இரண்டு வேறு சங்கதிகள். ஏலத்தோட்ட ஜீப்புகள் ஆளை அடைத்துக்கொண்டு பள்ளத்தில் உருளும் செய்தி வரும்போதெல்லாம் இது உறைக்க வேண்டும்.

காசும் பேரை மாற்றும். நன்றாகப் புதுப்பித்த எஃப்ஜே40 லேண்ட் குரூசர்கள் அமெரிக்க ஏலங்களில் லட்சம் டாலரைத் தாண்டிப் போயிருக்கின்றன. அவ்வளவு கொடுத்து வாங்கியவர் அதன் டிரம் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று வெளியே சொல்லமாட்டார். இன்றைக்குக் கண்ணில் படும் 40 வருஷத்து வண்டிகள் எல்லாம், தங்கமாகப் பார்த்துக்கொண்ட கைகளிலிருந்து தப்பி வந்தவை. அதே ஆலையில் அதே வருஷம் பிறந்து, ஆயில் மாற்றாமல் செத்து, பழைய இரும்புக் கடைக்குப் போனவை சாட்சி சொல்ல வருவதில்லை.

பேர் எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதற்கு 70 சீரீஸ் லேண்ட் குரூசர் ஒன்றே போதும். 1984 முதல் விற்பனையில் இருக்கும் இந்த வண்டிக்கு ஆஸ்திரேலியாவில் 2007-ல் 4.5 லிட்டர் வி8 டீசல் போட்டபோது பழைய ஆறு சிலிண்டர்க்காரர்கள் கொதித்தார்கள். ஆல்டர்னேட்டரைத் தாழ்வான இடத்தில் வைத்திருக்கிறார்கள், சேற்றில் இறங்கினால் செத்துவிடும் என்றார்கள், அது உண்மையும்கூட. 2023-ல் 2.8 லிட்டர் 4 சிலிண்டரும் ஆட்டோமேட்டிக் கியரும் வந்து, 2024-ல் வி8 நிறுத்தப்பட்டதும், அதே வட்டாரத்தில் வி8 தெய்வமாகிவிட்டது. பழைய வி8 வண்டிகளை விலை ஏற்றி விற்கிறார்கள். இப்போது வசை 2.8-க்கு. அதில் காரணம் இல்லாமலும் இல்லை. இதே எஞ்சின் குடும்பத்தோடு 2015 முதல் 2020 வரை விற்ற ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் வண்டிகளின் டீசல் புகை வடிகட்டியில் கோளாறு என்று சுமார் 2.6 லட்சம் வண்டிகள் சார்பில் தொடுத்த வழக்கில், குறை உண்மைதான் என்று ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தது. எவ்வளவு இழப்பீடு என்ற தகராறு உயர் நீதிமன்றம் வரை போனது. வடிகட்டிச் சிக்கலைப் பின்னால் வந்த வண்டிகளில் சரிசெய்துவிட்டதாகக் கம்பெனி சொல்கிறது. சுரங்கக் கம்பெனிகளும் பண்ணைக்காரர்களும் 2.8-ஐ வாங்கிச் செம்மண்ணில் ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.